கோடை முகாமில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை விளையாட விடலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தாரும் சுற்றுவட்டாரப் பெற்றோர் சிலரும் சேர்ந்து, வரும் மே மாதம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக ஐந்து நாள் தங்கும் முகாம் நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். 12 வயது முதல் 20 வயது வரை இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், பார்வைக் குறைபாடு, காது கேளாமை எனப் பல வகையினர். சக்கர நாற்காலியில் நாலைந்து பேர். ஒரு பையனுக்குத் தசைச்சிதைவு நோய். சிலருக்கு வலிப்பும் உண்டு. ஓவியம், பாட்டு, கதை என்று நிகழ்ச்சிகளை வகுத்துவிட்டோம். விளையாட்டு என்று வரும்போதுதான் தயக்கம். ‘ஓடியாட முடிந்தவர்கள் ஆடட்டும், மற்றவர்கள் ஸ்கோர் எழுதட்டும், கை தட்டட்டும்’ என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ‘விழுந்து அடிபட்டால் யார் பதில் சொல்வது?’ என்று ஒரு தாயார் கேட்டுவிட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் 17 வயதுப் பையனோ, ‘எனக்கு எந்த ஆட்டம் சார்?’ என்று என்னிடமே கேட்கிறான். எவ்வளவு நேரம் ஆட வைக்கலாம், என்னென்ன ஆட்டங்கள் பொருந்தும், எவற்றைத் தவிர்க்க வேண்டும், ஆற்றிலோ குளத்திலோ இறக்கலாமா என்பவற்றை விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதலில் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: மற்றவர்கள் ஆடும் ஆட்டம்தான் அவருக்கும். ஸ்கோர் எழுதுவது தாழ்ந்த வேலையன்று. அவரே விரும்பிக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக நோட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைப்பது, விருந்துக்கு அழைத்துவிட்டுப் பந்தி விசாரிக்கச் சொல்வதைப் போன்றது.

அடுத்தது அந்தத் தாயாரின் அச்சம். அது நியாயமானதுதான், ஆனால் அச்சப்பட வேண்டிய இடம் வேறு. ஓர் இயன்முறை மருத்துவராக என் மதிப்பீடு இது: இப்படிப்பட்ட முகாமில் ஒரு பிள்ளையைப் பெரிதாகப் பாதிக்கக்கூடியவை வெயில், ஆழம் தெரியாத தண்ணீர், நேரம் தவறிய மாத்திரை, உணர்ச்சியற்ற தோலில் உண்டாகும் புண், நாள் முழுவதும் அடக்கி வைத்த சிறுநீர் ஆகியவையே. ஆடும்போது விழுந்து முட்டி சிராய்ப்பது இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். முன்னே சொன்னவை எல்லாம் பெற்றோரிடம் கேட்டறிந்து, முன்கூட்டியே திட்டமிட்டுத் தடுக்கக்கூடியவை. அவற்றைத் தடுத்துவிட்டால் சிராய்ப்புக்கு இடம் கொடுத்தே விளையாட விடலாம். உங்களிடம் படித்த பிள்ளைகளில் முட்டியில் தழும்பில்லாமல் பள்ளியை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தத் தாயாரிடம் நீங்களே சொல்லலாம்.

எவ்வளவு நேரம் என்பதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பரிந்துரைகள் முதன்முறையாக இடம்பெற்றன. அதன்படி 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும், மற்றப் பிள்ளைகளைப் போலவே, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலியக்கம் தேவை. வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் அதில் இருக்க வேண்டும். 18 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சமாவது செய்வது நல்லது, சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. ஆண்டு முழுவதும் வீட்டுத் திண்ணையோடு இருந்த பிள்ளையை முதல் நாளே ஒரு மணி நேரம் ஆட வைத்தால் இரண்டாம் நாள் அவர் எழுந்திருக்க மாட்டார். காலையில் இரண்டு சுற்று, மாலையில் இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிடம், இடையில் நல்ல ஓய்வு என்று தொடங்குங்கள்.

மிதமான இயக்கம் எது என்று கண்டறிய, 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பைக் கணக்கிடும் பழைய முறையை இங்கே பயன்படுத்த வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், தண்டுவடத்தின் மேற்பகுதியில் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இதயத்துடிப்பு அந்தக் கணக்குப்படி ஏறாது. ஆடிக்கொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான இயக்கம். ஒரு வாக்கியத்தை முடிக்கவே மூச்சு வாங்கினால் கடுமையான இயக்கம். பேச்சு வராத பிள்ளைகளுக்கு முகச் சிவப்பு, மூச்சின் வேகம், வியர்வை ஆகியவற்றை அவரை நன்கு அறிந்த ஒருவர் கவனிக்க வேண்டும்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னும் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கும். ‘வலுவாக வேலை வாங்கினால் தசை இறுக்கம் கூடிவிடும்’ என்று ஒரு காலத்தில் எங்கள் துறையினரே சொல்லிவந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வலுப்பயிற்சியும் ஓட்டமும் இறுக்கத்தை நிரந்தரமாகக் கூட்டுவதில்லை என்பதே இன்றைய நிலை. உண்மையான ஆபத்து அதற்கு நேர்மாறானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடல் திடீரென்று வளரும்போது எடை கூடுகிறது, தசை ஈடுகொடுக்க முடியாமல் போகிறது; அதுவரை பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைகளில் சிலர் இந்த வயதில்தான் நடையைக் கைவிடுகிறார்கள். உங்கள் முகாமுக்கு வரும் வயதினர் துல்லியமாக இந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு நேரத்தைச் சிகிச்சை நேரமாக மாற்றிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு முழுவதும் எங்களைப் போன்றவர்களிடம் ‘காலை நீட்டு, மடக்கு’ என்று கேட்டுச் சலித்த பிள்ளைகள் அவர்கள். முகாமில் பந்தை எட்டிப் பிடிக்கும்போது கை தானாகவே நீளும். அதை எண்ணிக் கணக்கு வைக்க வேண்டாம்.

இனி இடத்தையும் நேரத்தையும் பார்ப்போம். டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் சிமென்ட் நெற்களம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும் என்று நம்புகிறேன். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனியில் களம் ஏறி இறங்கிவிட்டால், கோடைச் சாகுபடி நெல் வந்தாலொழிய மே மாதத்தில் களம் சும்மாதான் கிடக்கும். மேடு பள்ளமின்றி, நாற்காலிச் சக்கரம் தடையில்லாமல் உருளும் இப்படி ஒரு தளத்தைப் பணம் கொடுத்துக் கட்ட வேண்டுமானால் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி மைதானத்து மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிடும். மணலைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் தென்னைநார் விரிப்பையோ ஒட்டுப்பலகையையோ பாதையாகப் போட்டுக்கொள்ளலாம்.

களத்துக்கு ஒரே எதிரி வெயில். அக்னி நட்சத்திர நாள்களில் காலை ஒன்பது மணிக்குள் சிமென்ட் சுடத் தொடங்கிவிடும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாத பிள்ளைக்குக் கால் வெந்துபோவது தெரியாது; சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். ஆகவே ஆட்டம் காலை ஆறு முதல் எட்டரை வரை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு மட்டும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில நொடி தாங்க முடியாவிட்டால் அன்றைய ஆட்டத்தைக் கூடத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காய்வதில்லை; உடல் குளிர்வதற்கு நல்ல உடம்புக்காரரே திணறுவார். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை மிகக் குறைவு, அல்லது வியர்ப்பதே இல்லை. வலிப்புக்குத் தரப்படும் டோபிராமேட், ஜோனிசமைடு ஆகிய மருந்துகளும், தசை இழுப்புக்குத் தரப்படும் டிரைஹெக்ஸிபெனிடில் போன்றவையும் வியர்வையைக் குறைக்கும். பெற்றோர் கொண்டுவரும் மருந்துச் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் அந்தப் பிள்ளையை நிழலுள்ள சுற்றுகளில் சேர்த்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு, தெளிப்பானில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை உப்புப் போட்ட நீர்மோரோ தண்ணீரோ கொடுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு நீர்த்த பானம் புரையேறும் என்பதால், வீட்டில் எந்தப் பதத்தில், எப்படி உட்கார வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதைத் தாயாரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். ஒரு பிள்ளை குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், வாந்தி எடுத்தால், உடல் கொதித்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது கழிப்பறை. விளையாட்டைப் பற்றிக் கேட்டதற்குக் கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறாரே என்று எண்ண வேண்டாம். சக்கர நாற்காலி நுழையாத, பிடித்து எழக் கம்பியில்லாத கழிப்பறை உள்ள முகாமில் வளரிளம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? அடுத்தவரிடம் தூக்கிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் இதில் இன்னும் பிடிவாதம். மே மாதத்தில் அதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களிலும் தண்டுவடம் அடிபட்டவர்களிலும் பலர், சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவர்கள். ஆட்ட மும்முரத்தில் அந்த வேளை தவறக் கூடாது. நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறிக் கடும் தலைவலியும் முகச் சிவப்பும் உண்டாகும். அப்போது அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்றி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே, வண்ணப் பந்து வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு சாய்தளமும் இரண்டு கைப்பிடிக் கம்பிகளும் ஒரு கமோடு நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் தன்னார்வலர்கள் மட்டுமே உதவ வேண்டும். யாரையும் தனியறையில் ஒற்றை ஆளின் பொறுப்பில் விடக் கூடாது.

இப்போது ஆட்டங்கள். நான் முதலில் பரிந்துரைப்பது போச்சியா. பெருமூளை வாதம் உள்ளவர்களுக்காகவே வளர்ந்த விளையாட்டு அது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் எறிந்துவிட்டு, ஒரு தரப்பு ஆறு சிவப்புப் பந்துகளையும் மறு தரப்பு ஆறு நீலப் பந்துகளையும் அதற்கு எவ்வளவு அருகில் கொண்டுசேர்க்க முடிகிறது என்பதே ஆட்டம். கோலி ஆடி வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். முறையான ஆடுகளம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். நெற்களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் முடிந்தது. முறையான பந்து சுமார் 275 கிராம் எடை இருக்கும். தையற்காரரிடம் சொல்லித் துணிப் பந்து தைத்து உள்ளே மணலோ தவிட்டோடு கலந்த மணலோ நிரப்பினால் அந்த எடை வந்துவிடும். கையால் எறிய முடியாதவர், சாய்த்துப் பிடித்த தடத்தின் வழியே பந்தை உருட்டிவிடலாம். அகலமான பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால் அந்தத் தடம் தயார். தலையை மட்டுமே அசைக்க முடிந்தவர்கூடத் தலையில் பொருத்திய கோலால் பந்தைத் தள்ளி ஆடுகிறார். உதவியாளர் தடத்தை அவர் சொல்லும் பக்கம் திருப்பலாமே தவிர, ஆடுகளத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் முடிவெடுப்பவர் ஆடுபவர்தான் என்பதில் அது துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் 17 வயதுத் தம்பிக்குக் கைகள் வலுவாக இருந்தால் போச்சியாவோடு சக்கர நாற்காலித் தொடர் ஓட்டமும் வையுங்கள். கையுறை, இடுப்புப் பட்டை, பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பார்வையற்றவர்களுக்கான கோல்பால், இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946இல் உருவாக்கப்பட்டது. மணி பொருத்திய பந்தை உருட்ட, மூன்று பேர் தரையில் படுத்துத் தடுப்பார்கள். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்வதால் பார்வையுள்ள தன்னார்வலருக்குச் சலுகை ஏதும் கிடைக்காது. மணிப்பந்து கிடைக்காவிட்டால் சாதாரணப் பந்தைச் சலசலக்கும் பாலித்தீன் பையில் முடிந்து பயன்படுத்தலாம். ஓட்டத்துக்கு, கூடவே ஓடுபவரும் பிள்ளையும் ஒரு சிறு கயிற்று வளையத்தின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டால் போதும்; பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லக் கூடாது. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கும் தலையில் மோதும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும்.

நான் பெரிதும் எதிர்பார்ப்பது கோலாட்டத்தைத்தான். நாற்காலியில் இருப்பவர், தரையில் உட்கார்ந்திருப்பவர், நிற்பவர் எல்லாரும் ஒரே வட்டத்தில் இடம்பெறக்கூடிய ஆட்டம் நம்மிடம் அதைப் போல் வேறு இல்லை. பாட்டு வேகமாகும்போது தோளும் மூச்சும் நன்றாகவே உழைக்கும். கோலைப் பிடிக்க முடியாத கையில் துணிப்பட்டையால் கட்டிவிடலாம். காது கேளாத பிள்ளைகளுக்குத் தவிலையோ பறையையோ பக்கத்தில் வைத்தால் அதிர்விலிருந்து தாளம் பிடிப்பார்கள். மற்ற ஆட்டங்களில் அவர்களுக்கு விசிலுக்குப் பதிலாகக் கொடியை வீசுங்கள். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தும் நல்லதே, ஆனால் தரையில் இழைந்து நகர வேண்டியிருப்பதால் உணர்ச்சியற்ற தோல் உள்ளவர்களை அதில் சேர்க்க வேண்டாம். அவர்கள் நாற்காலியில் இருக்கும்போதும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ள நினைவூட்டுங்கள். இரவில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த ஆட்டமானாலும் இரண்டு காரியங்கள் வேண்டாம். ஒன்று, பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைப்பது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும், ஆட்டமும் அத்தோடு கசந்துவிடும். விதியை மாற்றுங்கள், தூரத்தைக் குறையுங்கள், பந்தைப் பெரிதாக்குங்கள். அதன் பிறகு தோற்பதற்கும் உரிமை கொடுங்கள். இன்னொன்று, வளர்ந்த பிள்ளைகளுக்கு வாளியில் பந்து போடும் மழலை ஆட்டங்களை வைப்பது. அறிவுசார் குறைபாடு இருந்தாலும் 19 வயது என்பது 19 வயதுதான்.

உடல்நிலை சார்ந்த எச்சரிக்கைகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். ஆகவே குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், தலைகுப்புறப் பாய்தல் ஆகியவை மருத்துவர் அனுமதி இன்றிக் கூடாது. நடை திடீரென்று மாறினாலோ, கழுத்து வலித்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குலைந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறப்பதால் அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களுக்கு ரப்பர்ப் பால் ஒவ்வாமை அதிகம் என்பதால் முகாமில் பலூனே வேண்டாம். அலங்காரத்துக்குக்கூட வேண்டாம், தோரணம் கட்டுங்கள்.

தசைச்சிதைவு உள்ள பையனுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு. மற்றவர்களிடம் ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஊக்கப்படுத்துவதை இவரிடம் செய்யக் கூடாது. எடை தூக்குதல், குதித்தல், படியிறங்குதல், குந்தி எழுதல் ஆகியவை அவருடைய தசை நார்களைச் சேதப்படுத்தக்கூடும். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் போச்சியா, மெதுவான கோலாட்டம் ஆகியவை பொருந்தும். மறுநாள் தசை வலி இருந்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் முகாமுக்கு முன்பே எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கிவிடுங்கள்.

வலிப்பு உள்ளவர்களுக்கு ஓட்டம், பந்தாட்டம் எதற்கும் தடையில்லை; மரம் ஏறுவதும் தனியாகத் தண்ணீரில் இறங்குவதும்தான் கூடாது. இரவு விளையாட்டு, சினிமா என்று தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பதும், மாத்திரையை வீட்டு வேளைப்படி கொடுப்பதும் பாதிப் பாதுகாப்பு. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்கவோ, கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கவோ வேண்டாம் என்று தன்னார்வலர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக வரைந்து காலையிலேயே காட்டுங்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அவர்களில் பலருக்குத் தண்ணீர் மீது ஓர் ஈர்ப்பு உண்டு, சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். வாய்க்காலும் குளமும் சுற்றியிருக்கும் நம் ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகாம் வாசலில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும்.

ஆற்றில் இறக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. மே மாதத்தில் காவிரியும் வெண்ணாறும் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீரின் ஆழம் உள்ளூர்க்காரருக்கே தெரியாது. முகாம் தள்ளிப்போய் ஜூன் கடைசியில் நடந்தால் வாய்க்காலில் புதுத்தண்ணீர் இழுப்பு இருக்கும். கோயில் குளத்துப் படிக்கட்டுகளில் பாசி. நீச்சல் குளம் கிடைக்குமானால் பயிற்சியாளரோடு, இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவருக்கு ஒருவர் என்ற துணையோடு இறக்கலாம்; 1949இல் லண்டனில் தொடங்கிய ஹாலிவிக் முறை மிதவைகள் ஏதும் கட்டாமல், மூச்சையும் சமநிலையையும் பழக்கியே பலருக்குத் தண்ணீரில் தனியே இயங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காது உள்வைப்புக் கருவியின் வெளிப்பகுதியை இறங்கும் முன் கழற்ற மறக்கக் கூடாது. குளம் கிடைக்காவிட்டால் பம்புசெட் குளியல் இருக்கவே இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நேரே குழாயடியில் அல்லாமல் தொட்டியின் ஓரமாகத் தண்ணீர் விழும்படி பாருங்கள். தரையில் சாக்கு விரித்து, மோட்டார் சுவிட்சுக்கும் திறந்த கிணற்றுக்கும் அருகே யாரும் போகாதபடி ஆள் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் ஐந்து நாளில் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள்.

பொறுப்பு பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள், ஆனால் அது கவனக்குறைவுக்குக் கேடயமாகாது. கடிதத்தைவிட முக்கியம், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோர் நிரப்பித் தரும் ஒரு பக்கப் படிவம்: மருந்தும் வேளையும், வலிப்பின் தன்மை, ஒவ்வாமை, உணவின் பதம், கழிப்பறை உதவி, வலியையும் வேண்டாம் என்பதையும் அவர் எப்படித் தெரிவிப்பார் என்பது. பெற்றோர் நிரப்பிய பிறகு அதைப் பிள்ளையிடமும் காட்டி, எந்த ஆட்டத்தை முயன்று பார்க்க விருப்பம் என்று அவரையே கேளுங்கள். இரண்டு பதில்களும் வெவ்வேறாக இருப்பதைப் பல நேரம் பார்ப்பீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முகாம் தேதிகளைத் தெரிவித்துவிடுங்கள். உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். பிள்ளைகளில் பலரை அவர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். முகாமுக்கு முன் ஒரு நாள் அவர்களை அழைத்துத் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளக் கூடாது என்பது அவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.

தன்னார்வலர்களைத் தேடும்போது பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளையே அழையுங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1962இல், அப்போதைய அதிபர் கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தம் வீட்டுப் பின்புறத்தில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகக் கோடை முகாம் தொடங்கியபோது, பள்ளி, கல்லூரி மாணவர்களைத்தான் அவர்களோடு ஆட வைத்தார். 1968இல் சிறப்பு ஒலிம்பிக்காக வளர்ந்தது அந்த முகாம்தான். வயதொத்தவர் எதிரே நின்றால் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். பெரியவர்கள் நின்றால் பாடமாகிவிடும்.

தயங்கும் மன்றத்தாரிடம், இது தயவு சார்ந்த ஏற்பாடு அல்ல என்றும் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆம் பிரிவு விளையாட்டில் அவர்கள் பங்கேற்பதை உறுதி செய்யும் கடமையை அரசின் மீது வைக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கமும், அடுத்தடுத்து டோக்கியோவில் வெள்ளியும் பாரிஸில் வெண்கலமும் வென்றதை மேடையில் சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை சொன்னால் போதும். எல்லாப் பிள்ளைகளும் பதக்கத்துக்காக ஆட வேண்டியதில்லை.

ஐந்து நாள் ஆட்டத்தால் தசை வலுப்பெற்றுவிடாது. ஆகவே முகாம் முடியும்போது துணிப் பந்துகளையும் பிவிசி தடத்தையும் பெட்டியில் பூட்டி வைக்காமல் அந்தத் தம்பியின் பொறுப்பில் கொடுத்துவிட்டு, வாரம் இரண்டு மாலை அதே களத்தில் ஆட்டம் தொடர ஏற்பாடு செய்யுங்கள். குறுவை அறுவடை களத்துக்கு வரும்வரை இடம் கிடைக்கும். அதன் பிறகு பள்ளிக் கூடத்துத் தாழ்வாரம் போதும். களத்தில் கோடு போடுவதற்கு முன் ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.